இணைச் சொற்களின் வழியே வணிக ஆங்கிலம்

நாளிதழின் வணிகப் பக்கத்தில் பொருள் விளங்காத ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் நாம் அதைக் கடந்து போய்விடலாம், இழப்பு ஏதுமில்லை. அதே சொல் கடன் ஒப்பந்தத்தில் வரும்போது அதன் கீழே நம் கையெழுத்து விழுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள் அல்ல என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய விவாதங்களில் புழங்கும் சொற்கள்தாம் வீட்டுக் கடன், நகைக் கடன், தொழிற்கடன், வைப்புத்தொகை ஆகியவற்றின் ஆவணங்களிலும் இடம்பெறுகின்றன. ஆதலால் நாட்டின் கதையை வைத்து அச்சொற்களைக் கற்றால், அவை நினைவிலும் நிற்கும். தேவைப்படும் வேளையில் கைகொடுக்கவும் செய்யும்.

அகராதியைத் திறந்து அகர வரிசையில் மனனம் செய்வதால் வணிக ஆங்கிலம் வந்துவிடாது. இப்பாடம் வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. ஒன்றுபோல் தோன்றி வேறுபட்ட பொருள் தரும் சொற்களை இணையாக எடுத்துக்கொண்டு, அவற்றினிடையே உள்ள வேறுபாட்டைக் கற்பதே அம்முறை. தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிக்கும் ஒன்றுக்கு வணிக ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான சிறிய வேறுபாட்டில்தான் பெரும்பாலும் நம் பணம் இருக்கிறது.

முதலில், ‘எமர்ஜிங்’ என்னும் சொல்

இந்தியாவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் தொடர் ‘எமர்ஜிங் எகானமி’. ‘எமர்ஜ்’ என்றால் உள்ளிருந்து வெளிப்படுதல், மேலெழுதல். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் பணியாற்றிய அந்துவான் வான் அக்மேல், 1981ஆம் ஆண்டு வளரும் நாடுகளின் பங்குகளில் முதலிடுவதற்கான நிதியம் ஒன்றை முன்மொழிந்தார். ‘மூன்றாம் உலகம்’ என்ற பெயரோடு அதை விற்க முடியாது என்று முதலீட்டாளர்கள் தரப்பில் கூறப்பட்டதால், ‘எமர்ஜிங் மார்க்கெட்ஸ்’ என்னும் தொடரை அவர் உருவாக்கினார். நாடுகள் மாறவில்லை, பெயர் மாறியது. ‘மூன்றாம் உலகம்’ என்பது தேக்கத்தைச் சுட்டியது. ‘எமர்ஜிங்’ என்பது எதிர்காலத்தைச் சுட்டியது. வணிக மொழியில் ஒரு சொல்லின் தேர்வே மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதற்கு இதுவே முதற்சான்று.

இணை ஒன்று: ‘பிளெட்ஜ்’, ‘ஹைப்பாத்திகேஷன்’, ‘மார்ட்கேஜ்’

இம்மூன்றையும் நாம் பேச்சில் ‘அடமானம்’ என்றே சொல்லிவிடுகிறோம். சட்டம் அவ்வாறு சொல்வதில்லை.

1991ஆம் ஆண்டு இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, சில வாரங்களின் இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குக் குறைந்தது. வெளிநாடுகளுக்குச் செலுத்தவேண்டிய கடன் தவணை தவறினால் நாட்டின் நம்பகத்தன்மை குலைந்துவிடும். அந்நிலையில் அவ்வாண்டு ஜூலை மாதம் இந்திய ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இலண்டனுக்கு அனுப்பி, அதன் பேரில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து, பேங்க் ஆஃப் ஜப்பான் ஆகியவற்றிடமிருந்து சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றது. இதுதான் ‘பிளெட்ஜ்’. பொருளின் உரிமை கடன் வாங்கியவரிடமே இருக்கும். பொருள் மட்டும் கடன் கொடுத்தவரின் கைக்குச் சென்றுவிடும். வங்கியில் நாம் நகைக் கடன் பெறுவதும் இதே முறைதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது.

‘ஹைப்பாத்திகேஷன்’ என்பதில் பொருள் நம் கையிலேயே இருக்கும். அதன்மீது வங்கிக்குப் பொறுப்புரிமை மட்டும் இருக்கும். கடனில் வாங்கிய வாகனத்தை நாமே ஓட்டுகிறோம். பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் ‘ஹைப்பாத்திகேஷன்’ என்னும் குறிப்போடு இருக்கிறது. கடைச் சரக்கின் பேரில் பெறும் நடைமுறை மூலதனக் கடனும் இவ்வகையைச் சார்ந்ததே. ‘மார்ட்கேஜ்’ என்பது நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகளுக்கு உரியது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதனை வரையறுக்கிறது.

இவ்வேறுபாடு தெரிந்தவர், வாகனக் கடனின் கடைசித் தவணையைச் செலுத்தியதும் நின்றுவிடமாட்டார். வங்கியிடம் தடையின்மைச் சான்று பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழிலுள்ள குறிப்பை நீக்கச் செய்வார். அதைச் செய்யாதவருக்கு, வாகனத்தை விற்க முற்படும் நாளில்தான் அச்சொல்லின் பொருள் விளங்கும்.

இங்கேயே மற்றொரு சொல்லையும் அறிந்துகொள்ளலாம். 1991 மே மாதத்தில், ஜூலை மாதத்துக்கு முன்பே, 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு மீண்டும் வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்கப்பட்டது. இவ்வாறு விற்றுத் திரும்ப வாங்குவது ‘ரீபர்ச்சேஸ்’. அச்சொல்லின் சுருக்கமே ‘ரெப்போ’. வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து, குறித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதியோடு பணம் பெறுகின்றன. அதற்கான வட்டி வீதமே நாம் செய்திகளில் கேட்கும் ‘ரெப்போ ரேட்’.

இணை இரண்டு: ‘டிவால்யுவேஷன்’, ‘டெப்ரிஸியேஷன்’

இரண்டும் ரூபாயின் மதிப்புக் குறைவதையே குறிக்கின்றன. குறைப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

1991 ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பை அதிகாரபூர்வமாக இரண்டு படிகளாகக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த மாற்று வீதம் ஏறத்தாழ 26 ரூபாயானது. முடிவெடுத்துக் குறைப்பது ‘டிவால்யுவேஷன்’; தமிழில் ‘மதிப்புக் குறைப்பு’ எனலாம்.

2013 மே மாதம், அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராயிருந்த பென் பெர்னான்கி, அந்நாட்டின் பத்திரக் கொள்முதல் படிப்படியாகக் குறைக்கப்படலாம் என்று குறிப்பிட்டார். வளரும் நாடுகளில் இருந்த முதலீடு அமெரிக்காவை நோக்கித் திரும்பத் தொடங்கியது. டாலருக்கு ஏறத்தாழ 55 ரூபாயாக இருந்த மாற்று வீதம் ஆகஸ்ட் மாத இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. எவரும் ஆணையிடவில்லை, சந்தையே குறைத்தது. இது ‘டெப்ரிஸியேஷன்’, அதாவது ‘மதிப்புச் சரிவு’. இந்தியா, பிரேசில், இந்தோனேஷியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளையும் சேர்த்து ‘ஃப்ரேஜைல் ஃபைவ்’ என்று மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் ஆய்வறிக்கை அழைத்ததும் அவ்வாண்டில்தான். ‘ஃப்ரேஜைல்’ என்றால் எளிதில் உடையக்கூடியது. கண்ணாடிப் பொருள்கள் அடங்கிய பெட்டியின்மீது ஒட்டப்படும் அதே சொல்.

இவ்வீதம் குடும்பக் கணக்கையும் தொடுகிறது. வெளிநாட்டில் படிக்கும் மாணவர் ஒருவரின் ஆண்டுக் கட்டணம் 20,000 டாலர் என்றால், 55 ரூபாய் வீதத்தில் அது 11 லட்சம் ரூபாய். 68 ரூபாய் வீதத்தில் 13 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கல்லூரி கட்டணத்தை உயர்த்தவில்லை. ஆயினும் பெற்றோரின் சுமை 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது. அதே மாற்றம் ஏற்றுமதியாளருக்கு வரவைக் கூட்டியிருக்கும்.

‘டெப்ரிஸியேஷன்’ என்பதற்குக் கணக்கியலில் வேறு பொருள் உண்டு. இயந்திரம், கணினி, வாகனம் முதலியவை ஆண்டுதோறும் பயன்பாட்டால் மதிப்பிழப்பதை அது குறிக்கும், தமிழில் ‘தேய்மானம்’. செய்தியில் வந்தால் நாணயம். நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் வந்தால் தேய்மானம். சொல் நிற்கும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டும்.

இணை மூன்று: ‘பர்சென்ட்’, ‘பர்சென்டேஜ் பாயின்ட்’

2016ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆறு உறுப்பினர் கொண்ட பணக் கொள்கைக் குழு அமைந்தது. நுகர்வோர் விலைவாசி உயர்வை 4 விழுக்காடு என்னும் இலக்கில் வைத்திருக்கவேண்டும். அது 2 முதல் 6 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். 2022 ஏப்ரலில் விலைவாசி உயர்வு 7.79 விழுக்காட்டை எட்டியது. அடுத்த மே மாதம் முதல் ரெப்போ வீதம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 4 விழுக்காட்டிலிருந்து 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காட்டை அடைந்தது.

இவ்வுயர்வு எத்தனை விழுக்காடு? ‘இரண்டரை’ என்று விடை கூறத் தோன்றும். நான்கு, ஆறரை ஆனால் உயர்வு 62.5 ‘பர்சென்ட்’. இரண்டரை என்பது ‘பர்சென்டேஜ் பாயின்ட்’. அதாவது விழுக்காட்டுப் புள்ளி. குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே நிதித்துறையினர் ‘பேசிஸ் பாயின்ட்’ என்னும் அலகைப் பயன்படுத்துகின்றனர். ஒரு விழுக்காட்டுப் புள்ளியில் நூறு பேசிஸ் பாயின்ட் அடங்கும். எனவே அவ்வுயர்வு 250 பேசிஸ் பாயின்ட். செய்தி வாசிப்பவர் ‘ட்வென்ட்டி ஃபைவ் பேசிஸ் பாயின்ட்ஸ்’ என்றால் கால் விழுக்காட்டுப் புள்ளி என்று கொள்க.

இத்துடன் சேர்த்துக் கற்கவேண்டியவை ‘ஃபிக்ஸ்டு ரேட்’, ‘ஃப்ளோட்டிங் ரேட்’ என்பன. ‘ஃபிக்ஸ்டு’ என்றால் நிலைத்தது; ‘ஃப்ளோட்டிங்’ என்றால் மிதப்பது. நீர்மட்டம் உயர்ந்தால் ஓடம் உயரும், தாழ்ந்தால் தாழும். 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் தனிநபர்களுக்கும் குறு, சிறு தொழில்களுக்கும் புதிதாக வழங்கும் மிதவை வட்டிக் கடன்கள் புறக்குறியீடு ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. பல வங்கிகள் ரெப்போ வீதத்தையே அக்குறியீடாகக் கொண்டுள்ளன.

20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். 7 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 15,506 ரூபாய். வட்டி 250 பேசிஸ் பாயின்ட் உயர்ந்து 9.5 விழுக்காடானால் தவணை ஏறத்தாழ 18,643 ரூபாய். மாதந்தோறும் 3,137 ரூபாய் கூடுதல். ‘தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தை நீட்டிக்கொள்ளலாம்’ என்று எண்ணுவோரும் உண்டு. கடனின் தொடக்கத்திலேயே இவ்வுயர்வு நேர்ந்தால் அது இயலாது; ஏனெனில் 9.5 விழுக்காட்டில் ஒரு மாத வட்டியே 15,833 ரூபாய். 15,506 ரூபாய் செலுத்தினால் வட்டிகூட அடையாது. அசல் குறைவதற்குப் பதிலாக வளரும். இதற்குப் பெயர் ‘நெகட்டிவ் அமார்ட்டைசேஷன்’. வட்டி மாறும்போது, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டையும் செய்வதா என்று தெரிவு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்கவேண்டும் என்றும், கால நீட்டிப்பு இத்தகைய நிலைக்குக் கொண்டுவிடக்கூடாது என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இச்சொல்லை அறிந்தவரே அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெறுவார்.

இணை நான்கு: ‘டிஸ்இன்ஃப்ளேஷன்’, ‘டிஃப்ளேஷன்’

‘பணவீக்கம் குறைந்தது’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, ‘கடையில் எதுவும் விலை குறையவில்லையே’ என்று பலர் வியக்கின்றனர். குற்றம் செய்தியில் இல்லை. ஒரு பொருள் 100 ரூபாயிலிருந்து ஓராண்டில் 108 ரூபாயாகவும், மறு ஆண்டில் 112 ரூபாயாகவும் உயர்ந்ததாகக் கொள்வோம். முதலாண்டில் உயர்வு 8 விழுக்காடு; இரண்டாம் ஆண்டில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறும் வேகம் குறைந்தது, விலை குறையவில்லை. இது ‘டிஸ்இன்ஃப்ளேஷன்’. பொதுவாக விலைகளே இறங்குவதுதான் ‘டிஃப்ளேஷன்’.

வைப்புத்தொகை வைத்திருப்போர் இதனோடு ‘நாமினல்’, ‘ரியல்’ என்னும் இணையையும் அறிதல் நலம். ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 6 விழுக்காட்டில் வைத்தால் ஓராண்டில் 1,06,000 ரூபாய் கிடைக்கும். இது ‘நாமினல் ரிட்டர்ன்’. அதே ஆண்டில் விலைவாசி 7 விழுக்காடு உயர்ந்திருந்தால், முன்பு ஒரு லட்சத்துக்கு வாங்கிய பொருள்களை இப்போது வாங்க 1,07,000 ரூபாய் வேண்டும். கையில் பணம் கூடியிருக்கிறது. வாங்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது. ‘ரியல் ரிட்டர்ன்’ இங்கே எதிர்மறை. ஓய்வூதியத்தை வைப்பில் இட்டு வட்டியில் வாழும் முதியோருக்கு இவ்விரு சொற்களைவிட முக்கியமான இணை வேறில்லை.

இணை ஐந்து: ‘க்ரோத்’, ‘பேஸ் எஃபெக்ட்’

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு தெரிவித்தது. மறு ஆண்டு அதே காலாண்டில் வளர்ச்சி 20.1 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இழந்த அளவே மீண்டும் கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 100 என்று இருந்தது 76 ஆகச் சுருங்கியது. 76இன் மீது 20 விழுக்காடு கூடினால் ஏறத்தாழ 91. பழைய நூறுக்கு இன்னும் ஒன்பது குறைகிறது. ஒப்பிடும் அடித்தளம் தாழ்ந்திருந்தமையால் வளர்ச்சி பெரிதாகத் தோன்றுவதே ‘பேஸ் எஃபெக்ட்’.

எந்த வளர்ச்சி எண்ணைக் கண்டாலும், ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்று கேட்கவேண்டும். சென்ற ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட்டால் ‘இயர் ஆன் இயர்’. முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் ‘குவார்ட்டர் ஆன் குவார்ட்டர்’. ஓராண்டில் 50 விழுக்காடு இலாபம் தந்த முதலீட்டுத் திட்டம் என்று எவரேனும் விளம்பரம் காட்டினால், அதற்கு முந்தைய ஆண்டில் அது எவ்வளவு இழந்தது என்பதையும் கேட்பது இச்சொல் கற்றுத்தரும் பழக்கம்.

இணை ஆறு: ‘மொரட்டோரியம்’, ‘வேவர்’, ‘ரைட் ஆஃப்’

தமிழ்ச் செய்திகளில் மிகுதியான குழப்பம் விளைவிப்பது ‘தள்ளுபடி’ என்னும் சொல்லே. துணிக்கடையில் விலைக் குறைப்பும் தள்ளுபடி. அரசு நீக்கும் பயிர்க்கடனும் தள்ளுபடி. வங்கி தன் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிடும் வாராக் கடனும் தள்ளுபடி. ஆங்கிலத்தில் இவை முறையே ‘டிஸ்கவுன்ட்’, ‘வேவர்’, ‘ரைட் ஆஃப்’.

‘வேவர்’ என்றால் கடன்தாரரின் கடமை நீங்குகிறது. ‘ரைட் ஆஃப்’ என்றால் வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பைச் சீர்செய்கிறது. கடன்தாரரின் கடமை அப்படியே நிற்கிறது. வசூல் நடவடிக்கையும் தொடரும். அசலோ வட்டியோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், தவணைக் கடன் ‘நான் பெர்ஃபார்மிங் அசெட்’, அதாவது செயல்படாச் சொத்து ஆகிறது. இந்திய வங்கிகளில் இத்தகைய கடன்களின் மொத்த விகிதம் 2018 மார்ச்சில் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2024 மார்ச்சில் 2.8 விழுக்காடாகக் குறைந்தது. இக்குறைவில் வசூலுக்கும் பங்குண்டு. ‘ரைட் ஆஃப்’ செய்ததற்கும் பங்குண்டு. வேறுபாடு அறியாதவர் அதனை முழுவதும் வசூல் என்றோ, முழுவதும் வேவர் என்றோ தவறாகக் கொள்வார்.

‘மொரட்டோரியம்’ என்பது ஒத்திவைப்பு. 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதங்களுக்குத் தவணை செலுத்துவதை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இசைவளித்தது. இதைத் தள்ளுபடி என்று எண்ணி மகிழ்ந்தவர் பலர். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. 10 லட்சம் ரூபாய் நிலுவைக் கடனுக்கு 9 விழுக்காட்டில் ஆறு மாத வட்டி மட்டுமே 45,000 ரூபாய். அக்காலத்துக்கு வட்டிமேல் வட்டி விதிக்கக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் சாதாரண வட்டி நீங்கவில்லை. கல்விக் கடனில் படிப்புக் காலத்துக்குத் தரப்படும் ஒத்திவைப்புக்கும் இதே சொல் வழங்குவதை நினைவிற்கொள்க.

இவற்றோடு சேர்ந்த இன்னோர் இணை ‘க்ளோஸ்டு’, ‘செட்டில்டு’. முழுத்தொகையும் செலுத்தி முடித்த கடன் ‘க்ளோஸ்டு’. பேசி முடித்துக் குறைந்த தொகையில் தீர்த்துக்கொண்ட கடன் ‘செட்டில்டு’. செவிக்கு இரண்டும் நிறைவாகவே ஒலிக்கின்றன. ஆனால் கடன் தகவல் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றிருந்தால், அடுத்த கடனைப் பரிசீலிப்பவர் தயங்குவார்.

ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள்

இதுவரை ஒன்றுபோன்ற பல சொற்களைக் கண்டோம். ஒரே சொல் இரு பொருள் தருவதும் உண்டு. ‘சாங்ஷன் லெட்டர்’ என்றால் கடன் ஒப்புதற் கடிதம். ‘எகனாமிக் சாங்ஷன்ஸ்’ என்றால் ஒரு நாட்டின்மீது விதிக்கப்படும் பொருளாதாரத் தடை. முன்னது அனுமதி, பின்னது மறுப்பு. ‘அவுட்ஸ்டேண்டிங் பெர்ஃபார்மன்ஸ்’ பாராட்டுக்குரியது. ‘அவுட்ஸ்டேண்டிங் பேலன்ஸ்’ செலுத்தவேண்டிய நிலுவை. ‘செக்யூரிட்டி’ என்பது வாயிற்காவலர், கடனுக்கான ஈடு, சந்தையில் விற்கும் பத்திரம் ஆகிய மூன்றையும் குறிக்கும்.

பிணை நிற்போர் அறிந்திருக்கவேண்டிய சொல் ஒன்று ‘கோ எக்ஸ்டென்சிவ்’. பிணையாளரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்கு இணையான அளவுடையது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, ‘நண்பருக்காக ஒரு கையெழுத்துதானே’ என்று இட்டது முழுக் கடனுக்கும் இட்ட கையெழுத்தே.

பயிலும் முறை

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். பொருளாதாரச் செய்தி ஒன்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். தமிழில் ஒரு சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் எவ்வாறு வேறுபடுகிறது என்று குறிப்பேட்டில் இணை இணையாக எழுதுங்கள். ஒவ்வோர் இணையின் எதிரிலும் உங்கள் சொந்த வங்கி ஆவணத்தில் அச்சொல் வரும் இடத்தைக் குறியுங்கள். ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கை அறிக்கைகளும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் பொருளாதார ஆய்வறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும் சிறந்த பாடநூல்கள்.

வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சில வாக்கியங்கள்:

‘ஈஸ் திஸ் ரேட் ஃபிக்ஸ்டு ஆர் ஃப்ளோட்டிங்?’ – இவ்வட்டி நிலையானதா, மிதவையா?

‘வாட் ஈஸ் தி ஆனுவல் பர்சென்டேஜ் ரேட், இன்க்ளூடிங் ஆல் சார்ஜஸ்?’ – எல்லாக் கட்டணங்களும் உள்ளிட்ட ஆண்டு விழுக்காட்டு வீதம் என்ன?

‘டஸ் இன்ட்ரஸ்ட் அக்ரூ டியூரிங் தி மொரட்டோரியம்?’ – ஒத்திவைப்புக் காலத்தில் வட்டி சேருமா?

இரண்டாம் வாக்கியத்தின் விடையை நீங்கள் தேடி அலையவேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் ‘கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ எனப்படும் முக்கிய விவரக் குறிப்பை வழங்குவது கட்டாயம். அது கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். விளக்கிக் கூறப்படவும் வேண்டும். தமிழில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ஆங்கிலம் கற்பது அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதற்கன்று. இரு மொழிக் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

பயிற்சி

1. ரெப்போ வீதம் 6 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காடாகக் குறைந்தால் எத்தனை பேசிஸ் பாயின்ட் குறைந்தது?

2. கடைச் சரக்கின் பேரில் கடன் பெற்று, சரக்கைக் கடையிலேயே வைத்து விற்பது எவ்வகை ஈடு?

3. வங்கி உங்கள் உறவினரின் கடனை ‘ரைட் ஆஃப்’ செய்துவிட்டது. இனி அவர் செலுத்தவேண்டியதில்லை என்பது சரியா?

4. விற்பனை சென்ற ஆண்டு 50 விழுக்காடு சரிந்து, இவ்வாண்டு 50 விழுக்காடு உயர்ந்தது. பழைய நிலையை எட்டிவிட்டதா?

5. நாட்டின் நாணய மதிப்பைச் சந்தை குறைத்தால் எச்சொல்? அரசும் மத்திய வங்கியும் முடிவெடுத்துக் குறைத்தால் எச்சொல்?

விடைகள்: 1. 50 பேசிஸ் பாயின்ட். 2. ஹைப்பாத்திகேஷன். 3. சரியன்று, கடமை தொடரும். 4. இல்லை, 100 என்பது 50 ஆகி, பின்பு 75 ஆகவே உயர்ந்திருக்கிறது. 5. முன்னது டெப்ரிஸியேஷன், பின்னது டிவால்யுவேஷன்.

ஐந்துக்கும் சரியாக விடையளித்தவர்கள், அடுத்த முறை வங்கிக்கு வரும்போது தங்கள் கடன் ஒப்பந்தத்தின் நகலை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். விளங்காத சொல் எதுவாயினும் கிளை அலுவலரிடம் கேளுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் கேட்கும் கேள்வி எதுவும் சிறிய கேள்வி அன்று.